மானமுள்ள ஒரு துண்டு ரொட்டி: ஃபைஸின் மண்ணை நோக்கி நான்கு நாள்

முதல் நாள்: 11 பிப்ரவரி 2024, ஞாயிறு, அமிர்தசரஸ்

ரயில் வந்து நின்றபோது நடைமேடை முழுக்கப் பனிமூட்டம். தலையோடு கம்பளி போர்த்திய கூலியாள் ஒருவர் பெட்டியை வாங்கிக்கொண்டே, "பொற்கோவிலுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொற்கோவிலுக்கும் போவேன். ஆனால் இவ்வளவு தூரம் நான் வந்தது ஒரு கவிஞரின் பிறந்தநாளுக்காக.

ஃபைஸ் அகமது ஃபைஸ் 1911 பிப்ரவரி 13 அன்று காலா காதர் என்ற கிராமத்தில் பிறந்தார். அன்றைக்கு அது சியால்கோட் மாவட்டம், இன்றைக்குப் பாகிஸ்தானின் நாரோவால் மாவட்டம். ஊரின் பெயரையே ஃபைஸ் நகர் என்று மாற்றியிருக்கிறார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்னைப் போன்ற ஒருத்தி அந்த ஊருக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. ஆனால் அதே நாரோவால் மாவட்டத்தில் ஓர் இடத்துக்கு மட்டும் விசா இல்லாமல் போய்வரலாம். அது கர்தார்பூர் குருத்வாரா. குரு நானக் தம் கடைசிப் பதினெட்டு ஆண்டுகளை உழுது உண்டு வாழ்ந்து, 1539-இல் உயிர்நீத்த இடம். 2019 நவம்பர் 9 அன்று திறக்கப்பட்ட எல்லைப் பாதை வழியாகக் காலையில் போனால் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். வளாகத்தைத் தாண்டி ஓர் அடி வைக்க அனுமதி கிடையாது. எந்த மதத்தவரும் போகலாம். சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்து, பிப்ரவரி 13-ஆம் தேதியையே கேட்டு வாங்கியிருக்கிறேன். அவர் பிறந்த ஊருக்கு நான் போகக்கூடிய மிக அருகிலான இடம் அதுதான்.

தில்லியில் வேலை பார்த்த ஆண்டுகளில், நாகரி எழுத்தில் அச்சான ஓர் உருதுத் தொகுப்பில்தான் ஃபைஸை முதலில் படித்தேன். இந்தி தெரிந்ததால் முக்கால்வாசி புரிந்தது, மீதியை அகராதி சொன்னது. அன்று தொடங்கிய பழக்கம் பதினாறு ஆண்டாக விடவில்லை.

அமிர்தசரஸ் ஃபைஸுக்கு முதல் வேலை கொடுத்த ஊர். லாகூரில் ஆங்கிலமும் அரபியும் படித்து முடித்து, 1935-இல், இருபத்து நான்கு வயதில், இங்கிருந்த எம்.ஏ.ஓ. (முகமதன் ஆங்கிலோ-ஓரியண்டல்) கல்லூரிக்கு ஆங்கில விரிவுரையாளராக வந்தார். அப்போது அவர் காதல் கவிதை எழுதும் இளைஞர். அந்தக் கல்லூரியின் துணை முதல்வர் மஹ்மூதுஸ்ஸஃபர். அவருடைய மனைவி ரஷீத் ஜஹான், மருத்துவர், எழுத்தாளர். 1932-இல் வெளிவந்து மறு ஆண்டே தடை செய்யப்பட்ட 'அங்காரே' தொகுப்பில் இருவரும் எழுதியிருந்தார்கள். மஹ்மூதுஸ்ஸஃபர் ஒருநாள் கம்யூனிஸ்ட் அறிக்கையை இளம் விரிவுரையாளரின் கையில் கொடுத்தார். அதைத் திரும்பத் திரும்பப் படித்ததாகவும், தம் பார்வையே மாறிப்போனதாகவும் ஃபைஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த மாற்றம் 1941-இல் வந்த அவருடைய முதல் தொகுப்பான 'நக்ஷ்-ஏ-ஃபர்யாதி'யில் அப்படியே பதிவாகியிருக்கிறது. முன்பாதியில் நிலவும் பிரிவும் ஏக்கமும். பிறகு ஒரு கவிதை வருகிறது, புத்தகமே அங்கே திசை திரும்புகிறது. பழைய காதலை இனி என்னிடம் கேட்காதே என்று காதலியிடமே சொல்லும் கவிதை அது. உன் அழகு குறையவில்லை, ஆனால் என் கண் தெருவின் பக்கம் போய்விடுகிறது, அங்கே சந்தையில் உடல்கள் விலைபோகின்றன என்கிறான். எண்ணற்ற நூற்றாண்டுகளின் இருட்டு, பட்டிலும் சாட்டினிலும் சரிகையிலும் நெய்யப்பட்டிருக்கிறது என்று ஓர் உவமை அதில் வரும். இன்று மதியம் இங்குள்ள துணிக்கடைச் சந்துகளில் நடந்தபோது அந்த வரி என்னை விடவில்லை. கடைக்காரர் ஒருவர் சரிகைத் துணியைச் சுருளிலிருந்து உதறி விரித்தார். அது காற்றில் ஒரு கணம் நின்று பலகையில் விழுந்தது. கடையின் பின்பக்கம், விளக்கில்லாத மூலையில், எட்டு ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் கீழே விழுந்த நூலைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

ஆலிஸை ஃபைஸ் சந்தித்ததும் இந்த ஊரில்தான். கல்லூரி முதல்வர் தாசீரின் மனைவி கிறிஸ்டபெல் ஆங்கிலேயப் பெண். அக்காவைப் பார்க்க 1938-இல் இந்தியா வந்த தங்கை ஆலிஸ் திரும்பிப் போகவே இல்லை. 1941-இல் ஸ்ரீநகரில் ஷேக் அப்துல்லா நிக்காஹ் நடத்தி வைத்தார்.

ஹால் பஜாரில் மூன்று பேரிடம் எம்.ஏ.ஓ. கல்லூரி எங்கே இருந்தது என்று கேட்டேன். மூவருக்கும் அப்படி ஒரு பெயரே தெரியவில்லை. பிரிவினையோடு கல்லூரி லாகூருக்குப் போய்விட்டது, பெயரையும் கையோடு எடுத்துக்கொண்டு. உருதுச் சிறுகதையாளர் சதத் ஹசன் மண்ட்டோ வளர்ந்த வக்கீலான் சந்து எங்கே என்று கேட்டபோது ஒரு முதியவர் மட்டும் கையை நீட்டி வழி காட்டினார். 1947-க்கு முன் இந்த நகரத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் முஸ்லிம்கள். இன்று ஹால் பஜாரில் கைருத்தீன் பள்ளிவாசலின் முகப்பில்தான் உருது எழுத்தைக் கண்ணாரப் பார்த்தேன். நின்று, தெரிந்த ஒன்றிரண்டு எழுத்துகளைக் கூட்டிப் படித்துவிட்டு நகர்ந்தேன்.


இரண்டாம் நாள்: 12 பிப்ரவரி, திங்கள்

பழைய டவுன் ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகத்தில் காலை முழுவதும் இருந்தேன். எல்லாவற்றையும் எழுதப் போவதில்லை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பூ வேலை செய்த புல்காரிச் சட்டை ஒன்றும், தோல் பெட்டி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கலவரத்துக்கு முன் நிச்சயமான ஒரு பெண்ணும் பிள்ளையும் பிரிந்துபோய், அகதி முகாமின் உணவு வரிசையில் ஒருவரையொருவர் மறுபடி கண்டுகொண்டார்கள். சட்டை அவளுடையது, பெட்டி அவனுடையது. சட்டையின் ஒரு பூவில் மட்டும் நூல் பிரிந்து தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1947 ஆகஸ்டில் ஃபைஸ் லாகூரில் 'பாகிஸ்தான் டைம்ஸ்' நாளிதழின் ஆசிரியர். இரு நாடுகளும் கொடியேற்றிக்கொண்டிருந்தபோது, 'சுப்ஹே ஆசாதி' என்று ஒரு கவிதை எழுதினார். விடுதலையின் விடியல் என்பது தலைப்பு. ஆனால் இந்த வெளிச்சம் கறை படிந்தது, நாம் காத்திருந்த விடியல் இதுவல்ல, இலக்கு இன்னும் வரவில்லை, நடங்கள் என்று கவிதை சொல்கிறது. வலதும் இடதும் அவரைத் திட்டின. கொண்டாட்டத்தின் நடுவில் நின்று அப்படி ஒரு சொல்லைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை, இந்தக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் நடந்தால் புரிந்துகொள்ளலாம்.

மதியம் பெருஞ்சாலை ஓரத் தாபாவில் சாப்பிட உட்கார்ந்தேன். சாலையில் டிராக்டர்கள் போய்க்கொண்டே இருந்தன. பின்னால் கட்டிய டிராலிகளில் மெத்தை, எரிவாயு உருளை, கோதுமை மாவு மூட்டை, வெங்காயம், மேலே தார்ப்பாய். நாளை தில்லிக்குப் புறப்படும் விவசாயிகள். விளைபொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைச் சட்டமாக்கு என்பது முதன்மையான கோரிக்கை. 2020-இல் போய் ஓராண்டுக்கு மேல் தில்லி எல்லையில் உட்கார்ந்தவர்கள்தான் மறுபடியும் கிளம்பியிருக்கிறார்கள்.

பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் ஒருவர் லஸ்ஸியைக் கீழே வைத்துவிட்டு, போன ஜூலையில் வந்த வெள்ளத்தைப் பற்றிச் சொன்னார். நாற்று முழுக்க மூழ்கிப்போனது. பட்வாரி வந்து சேதத்தைக் கணக்கெழுத வேண்டும். "அவன் பேனா எங்கே நிற்கிறதோ அங்கேதான் என் வயலின் எல்லை" என்றார். பட்வாரி என்றால் நம் ஊர்ப் பழைய கர்ணம், இன்றைய கிராம நிர்வாக அலுவலர். இந்தச் சொல்லை நான் முதன்முதலில் படித்தது ஒரு கவிதையில். அதை நாளைக்குச் சொல்கிறேன்.

இரவு அறையில் ஃபைஸின் 'தஸ்த்-ஏ-சபா' தொகுப்பைத் திறந்தேன். ஃபைஸை முழுமையாக ஃபைஸ் ஆக்கியது சிறைதான் என்பது என் எண்ணம். 1951 மார்ச் 9 அன்று அவரைக் கைது செய்தார்கள். மேஜர் ஜெனரல் அக்பர் கான் தலைமையில் பிரதமர் லியாகத் அலி கான் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. ராவல்பிண்டி சதி வழக்கு என்று பெயர். தூக்கு கிடைக்குமோ என்ற அச்சத்தோடுதான் வழக்கே தொடங்கியது. முதல் மாதங்களில் தனிமைச் சிறை, எழுத ஒன்றும் கிடையாது. எழுதுபொருள் பறிபோனால் என்ன, இதயத்தின் இரத்தத்தில் விரல்களைத் தோய்த்துக்கொண்டேன் என்ற பொருளில் நான்கு வரி, இந்தத் தொகுப்பின் வாசலிலேயே இருக்கிறது. 1952 ஜூலையில் சிந்து மாகாணத்து ஹைதராபாத் சிறைக்குத் தம்பியைப் பார்க்க வந்த அண்ணன் துஃபைல் அந்த ஊரிலேயே மாரடைப்பால் இறந்துபோனார். அந்த இழப்புக்கு ஃபைஸ் எழுதிய இரங்கற்பாவில் ஆவேசம் கிடையாது. அண்ணனே, போகும்போது என் வாழ்க்கைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாயே என்று ஒரு முறையீடு மட்டும்தான். 1955 ஜனவரியில் மண்ட்டோ இறந்த செய்தியும் சிறைக்குத்தான் வந்தது. துயரம் தாங்காமல் ஆலிஸுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஏப்ரலில் விடுதலை.

நாளைக்கு நான்கு மணிக்கு எழ வேண்டும். பையின் எடை ஏழு கிலோவுக்குள், ரொக்கம் 11,000 ரூபாய்க்குள். இரண்டையும் சரிபார்த்துவிட்டேன்.


மூன்றாம் நாள்: 13 பிப்ரவரி, செவ்வாய், கர்தார்பூர்

இரவு ஒன்பது மணி. அமிர்தசரஸ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றும் விட்டுப்போகாமல் எழுத வேண்டும்.

அமிர்தசரஸிலிருந்து தேரா பாபா நானக் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். சாலையின் இருபுறமும் கோதுமைப் பச்சை, இடையிடையே கடுகு பூத்த மஞ்சள். எல்லை முனையத்தில் பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, பை சோதனை எல்லாம் முடிந்ததும் ஒரு செவிலியர் வாயைத் திறக்கச் சொல்லி இரண்டு சொட்டுப் போலியோ மருந்து விட்டார். எனக்கு முன்னால் நின்ற எழுபது வயதுப் பாட்டி குழந்தையைப் போல் நாக்கை நீட்டினார். அந்தப் பக்கம் இருபது டாலர் கட்டணம். பாகிஸ்தானில் நேரம் நமக்கு அரை மணி பின்தங்கியது. கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

பஸ் ராவியைக் கடந்தது. பிப்ரவரியில் ஆறு ஒடுங்கி, மணல்தான் அதிகம். வளைவு ஒன்றில் திரும்பியதும், வயல்களின் நடுவே வெள்ளைக் குவிமாடம் தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைகூப்பினார்கள். நான் வலப்பக்க ஜன்னல் வழியாக வயல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் ஒருவன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். ஃபைஸின் தந்தை சுல்தான் முகமது கான் இந்த மாவட்டத்து மண்ணில் ஆடுமாடு மேய்த்த பிள்ளை. நிலமில்லாத குடும்பம். அந்தச் சிறுவன் எப்படியோ படித்து, ஆப்கானிஸ்தானின் அமீர் அப்துர் ரஹ்மானிடம் செயலாளராகி, அங்கிருந்து தப்பி இங்கிலாந்து போய், கேம்பிரிட்ஜிலும் லிங்கன்ஸ் இன்னிலும் படித்து பாரிஸ்டராகத் திரும்பினார். அமீரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மகன் பட்டுத்துணியில் வளர்ந்தான். ஆனால் தாத்தாவின் கால் இந்தச் சேற்றில்தான் இருந்தது.

கர்தார்பூரின் முற்றத்தில் ஒரு கல்லறை இருக்கிறது, கட்டடத்துக்குள்ளே ஒரு சமாதி இருக்கிறது. நானக் இறந்தபோது எரிப்பதா புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதாடியதாகவும், போர்த்தியிருந்த துணியை விலக்கினால் பூக்கள் மட்டும் இருந்ததாகவும், இரு தரப்பும் பூவைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டதாகவும் சொல்வார்கள். பாகிஸ்தானியர்களும் சீட்டு வாங்கிக்கொண்டு இங்கே வரலாம் என்பதால், பளிங்குத் தரை முழுக்க இரு நாட்டவரும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1947-இல் பிரிந்த ஓர் அண்ணனும் தம்பியும் 2022 ஜனவரியில் இந்த முற்றத்தில்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். அன்று அந்தக் காட்சியைத் தொலைபேசித் திரையில் பார்த்த நான், இன்று அதே தரையில் வெறுங்காலோடு நின்றேன். கல் சில்லென்று இருந்தது.

லங்கர் என்னும் பொது உணவுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர், அவரோடு கல்லூரிப் பேத்தி. ஷக்கர்கட் பக்கத்துக் கிராமம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பஞ்சாபில் ஆசிரியரை எல்லாரும் மாஸ்டர் ஜி என்றுதான் அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். எங்கிருந்து வருகிறாய் பேட்டா என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவு தூரத்திலிருந்து பாபா நானக்கைப் பார்க்கவா என்றார். பாபா நானக்கையும் ஃபைஸ் சாகிபையும் என்றேன்.

ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. "இன்றைக்கு அவர் பிறந்தநாள்" என்றார், நான் சொல்வதற்கு முன்பே.

பேத்தி உற்சாகமாகி, எல்லாரும் அறிந்த 'ஹம் தேக்கேங்கே' (நாம் பார்ப்போம்) கவிதையைப் பற்றிப் பேசினாள். 1979-இல் எழுதப்பட்டு, 1986-இல் லாகூர் அல்ஹம்ரா அரங்கில் பாடகி இக்பால் பானோ பாடியபோது கைதட்டல் ஓயாமல் பாட்டு நின்று நின்று போன கவிதை. ராணுவத் தளபதி ஜியா உல் ஹக்கின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஃபைஸ் இறந்து ஒன்றேகால் ஆண்டு ஆகியிருந்தது. அந்தப் பதிவை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன் என்றேன். மாஸ்டர் ஜி சிரித்தார். "அது உலகத்துக்கு. எங்களுக்கு அவர் தனியாக ஒன்று எழுதி வைத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டு, தட்டை ஒதுக்கி வைத்துத் தொடங்கினார்.

ரப்பா சச்சியா, தூ தே ஆக்கியா ஸி.

ஃபைஸ் பஞ்சாபியில் எழுதியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. வீட்டில் பேசிய மொழி அது, எழுதிய மொழி உருது. அவருடைய உருது பாரசீக மணம் கமழ்வது. மாளிகையின் உள்ளறையில் நின்று தெருவுக்காகப் பேசுவது போல் இருக்கும். பஞ்சாபிக் கவிதைகளைத் தொகுப்பின் கடைசிப் பக்கங்களில் பார்த்தபோதெல்லாம், பெரிய கவிஞர் ஓய்வில் செய்த கைவேலை என்றுதான் நினைத்து வந்தேன். நாகரி எழுத்தில், மௌனமாக, கண்ணால் படித்ததால் வந்த பிழை அது. இன்று அந்தப் பிழை தீர்ந்தது.

ஒரு குடியானவன் கடவுளிடம் வழக்குப் பேசுகிறான். நீதானே சொன்னாய், போடா மனிதா, இந்த உலகத்துக்கு நீதான் ராஜா, என் செல்வமெல்லாம் உனக்குத்தான் என்று. அப்படி ஆசை காட்டி அனுப்பிவிட்டாயே, இந்த ஏழை படும் பாட்டை ஒருநாளாவது விசாரித்தாயா? ஒருபக்கம் போலீஸின் மிரட்டல், இன்னொரு பக்கம் பட்வாரியின் தில்லுமுல்லு. என் உயிர் எலும்புக்கூட்டுக்குள் கண்ணியில் சிக்கிய கூஞ்ச் பறவையைப் போல் கதறுகிறது. நல்ல ராஜாவைத்தான் உண்டாக்கினாய், செருப்படிக்கு ஓய்வே இல்லை.

மாஸ்டர் ஜி சொல்லும்போது கை சும்மா இருக்கவில்லை. கூஞ்ச் என்றபோது கழுத்தை நீட்டி, அந்தப் பறவையின் குரலைத் தொண்டைக்குள் எழுப்பினார். குளிர்காலத்தில் வடக்கே இருந்து வரும் நாரை அது, ராவி மணலில் இறங்கும் என்றார். செருப்படி என்ற இடத்தில், மூலத்தில் உள்ள சொல் 'பௌலே'. பேத்திக்கே அது புரியவில்லை. அவர் தம் வெறுங்காலைக் காட்டி, தேய்ந்துபோன பழைய செருப்பு என்று விளக்கி, கையை ஓங்கிக் காட்டினார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த குர்தாஸ்பூர் சர்தார் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.

பிறகு குடியானவன் தன் கோரிக்கையைச் சொல்கிறான். எனக்கு அரசாட்சி வேண்டாம், மாட மாளிகை வேண்டாம். 'இஜ்ஜத் தா டுக்கர்', மானத்தோடு ஒரு துண்டு ரொட்டி. வாழ்வதற்கு ஒரு 'நுக்கர்', ஒரு மூலை. டுக்கர், நுக்கர். இயைபு எதுவும் தேடிப் பிடித்ததல்ல, அடுப்பங்கரையில் கிடக்கும் இரண்டு சொற்கள். இதைக் கொடுத்தால் நீ சொன்னதெல்லாம் கேட்கிறேன், உன் மேல் ஆணை. கொடுக்க முடியாது என்றால் சொல்லிவிடு, நான் போய் வேறு கடவுளைத் தேடிக்கொள்கிறேன்.

கடைசி வரியில் மாஸ்டர் ஜியின் குரல் தாழ்ந்தது. நான் எதிர்பார்த்தது அறைகூவல். அவர் சொன்னது, நெடுநாள் உழைத்த வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் வாசலில் நிற்கும் ஆளின் குரலில். அந்த வரியைக் கோபமாகவே இத்தனை ஆண்டு படித்திருந்தேன். அது கோபமல்ல, மன்றாட்டு. கடவுளோடு இப்படி உரிமை கொண்டாடும் பேச்சு பஞ்சாபின் சூஃபிகள் பேசிய பேச்சு, இந்தத் தரையில் நானக் பாடிய பேச்சு. மேய்ப்பனின் பேரன், கேம்பிரிட்ஜ் வரை போய்வந்த குடும்பத்திலிருந்து, சிறையும் லெனின் அமைதிப் பரிசும் எல்லாம் சுற்றி, தாத்தாவின் வாயில் இருந்த சொற்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறான். ஃபைஸின் மொத்தப் படைப்பிலும் இந்தச் சிறு கவிதையை இனி நான் கடைசிப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

என் நோட்டுப் புத்தகத்தை நீட்டி, அந்த இரண்டு சொற்களை எழுதித் தரச் சொன்னேன். வலமிருந்து இடமாக, பள்ளிக்கூடப் பலகையில் எழுதுவது போல் பெரிதாக எழுதினார். கீழே நான் தமிழில் எழுதிக்கொண்டேன். அவர் என் எழுத்தைப் பார்த்து, வட்ட வட்டமாக அழகாக இருக்கிறது என்றார்.

காலா காதர் எந்தத் திசை என்று கேட்டேன். முற்றத்துக்கு வெளியே கூட்டிவந்து, பயிர்களுக்கு மேலே கையை நீட்டினார். அங்கே மரங்களின் வரிசையும் செங்கல் சூளைப் புகையும்தான் தெரிந்தன. 1984 நவம்பரில், இறப்பதற்குச் சில நாள் முன்பு ஃபைஸ் அந்த ஊருக்கு வந்து, தந்தை கட்டிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு லாகூர் திரும்பினார். 20-ஆம் தேதி இறந்தார். நான் அந்தத் திசையில் நின்றபடி முழுக் கவிதையையும் மறுபடி ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

திரும்பும்போது நம் பக்கச் சோதனையில் இளம் அதிகாரி ஒருவர் நோட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் நின்றார். "இது உருதுவா?" "பஞ்சாபி." "பஞ்சாபி இப்படியா இருக்கும்? நான் பஞ்சாபிதானே?" என்றார். இந்தியப் பஞ்சாபின் குர்முகி எழுத்தில் படித்தவர், பாகிஸ்தானில் பஞ்சாபியை எழுதும் ஷாமுகி எழுத்து அவருக்குப் படம் மாதிரி. நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். இஜ்ஜத் தா டுக்கர். "அட, இது எங்கள் பாட்டி பேச்சு" என்று சொல்லி நோட்டை மூடிக் கொடுத்தார்.

அமிர்தசரஸ் வரும் வழியில் தேநீர்க்கடைத் தொலைக்காட்சியில் ஷம்பு எல்லை. ஹரியானாவுக்குள் நுழைய முயன்ற விவசாயிகள் மேல் கண்ணீர்ப் புகை, டிரோன்களிலிருந்தும் குண்டுகள் விழுகின்றன. வெள்ளைப் புகைக்குள் தலைப்பாகைகள் ஓடுகின்றன. கடையில் யாரும் பேசவில்லை.


நான்காம் நாள்: 14 பிப்ரவரி, புதன்

இன்று வசந்த பஞ்சமி. மாடிகளில் பட்டம் விடுகிறார்கள், மஞ்சள் துணி உடுத்தியவர்கள் தெருவெங்கும். காலையில் ஒரு புத்தகக் கடையில் ஃபைஸின் கவிதைகள் குர்முகி எழுத்தில் கிடைத்தன. வாங்கிக்கொண்டேன். எனக்குக் குர்முகி தெரியாது, கற்றுக்கொள்ளப் போகிறேன். முப்பத்தைந்து எழுத்துதான்.

விமான நிலையத்துக்கு வந்த டாக்சி ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். தர்ன் தாரன் பக்கத்து ஊர். அண்ணன் ஷம்புவில் இருக்கிறாராம், ஊரிலிருந்து இரண்டு டிராலி போயிருக்கிறது. நேற்று மதியத்துக்குப் பிறகு பேச முடியவில்லை என்றார். மடியில் விரிந்திருந்த நோட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, என்ன படிக்கிறீர்கள் தீதி என்று கேட்டார். ஒரு கவிதை, உங்கள் மொழியில் என்றேன். கேட்க வேண்டும் என்றார்.

நேற்றிரவு நினைவிலிருந்து தமிழ் எழுத்தில் முழுதுமாக எழுதி வைத்திருந்தேன். படித்தேன். இரண்டு இடத்தில் என் உச்சரிப்பைத் திருத்தினார். 'டுக்கர்' என்பதற்கு நாக்கை இன்னும் மேலே தூக்க வேண்டுமாம். பட்வாரி வந்த இடத்தில் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். முடிந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டார். இதை எழுதியவர் எந்த ஊர் என்று கேட்டார். ராவிக்கு அந்தப் பக்கம், நாரோவால் என்றேன். என் தாத்தாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் என்றார்.

பிறகு தொலைபேசியை எடுத்து, குரல் பதிவை அழுத்தி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இன்னொரு தடவை சொல்லுங்கள் தீதி. அண்ணனுக்கு அனுப்ப வேண்டும்." ரப்பா சச்சியாவிலிருந்து தொடங்கினேன். என் நாக்கு தடுக்கிய இடங்களில் அவர் கூடவே சொன்னார், கடைசி நான்கு வரியை இருவரும் சேர்ந்து சொன்னோம். அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு டிக் விழுந்தது. அந்தப் பக்கம் இணையத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வந்ததும் கேட்டுவிடுவார் என்று சொல்லி, வண்டியைக் கிளப்பினார்.